பீவர் கண்ணி பிடிக்காதபோது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பாசனக் கால்வாயையோ சாலைக்கு அடியில் செல்லும் குழாயையோ அடைத்து வயலில் வெள்ளம் ஏற்றும் பீவர் குடும்பத்தை உயிருடன் பிடித்து, பீவர்களை இழந்து வறண்டுகொண்டிருக்கும் மலை ஓடைக்குக் கொண்டுபோய் விடுவது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நெடுநாளாக நடந்துவரும் பணி. அந்தப் பணிக்குச் சுருக்குக் கண்ணியைப் பயன்படுத்துபவர்களுக்காக, வயோமிங் மாநிலத்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் ஒரு குழுவுக்கு உதவியாளனாக இருந்து கற்றதை வைத்து இதை எழுதுகிறேன். தமிழில் பீவரைச் சிலர் நீர்நாய் என்று எழுதிவிடுகிறார்கள். நீர்நாய் மீன் தின்னும் வேறொரு விலங்கு. அதே ஓடையில் வாழ்வது. நம் கண்ணியில் தவறிச் சிக்கக்கூடியது. பீவர் மரப்பட்டையும் இலையும் தின்னும் கொறிவிலங்கு. இந்த வேறுபாடு கீழே தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி போல் மூடிக்கொள்ளும் ஹான்காக், பெய்லி வகைக் கூண்டுகள் உயிருடன் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் அவை கனமானவை, விலை அதிகமானவை. வண்டி போகாத பள்ளத்தாக்குக்குள் இரண்டு கூண்டுகளைச் சுமப்பதற்குள் ஆள் ஓய்ந்துவிடுவான். கண்ணிகளோ இருபதானாலும் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். 1990களில் வயோமிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் மெக்கின்ஸ்ட்ரி, ஸ்டான்லி ஆண்டர்சன் ஆகிய ஆய்வாளர்கள் இடமாற்றப் பணிக்காகப் பீவர்களைக் கண்ணியால் உயிருடன் பிடித்து, அந்த முறையை 1998இல் எழுதி வெளியிட்டார்கள். கண்ணி என்றாலே கொல்லும் கருவி என்ற எண்ணம் அதனால் ஓரளவு மாறியது. ஆயினும் அதே கண்ணி கவனக்குறைவால் கொல்லும் கருவியாகிவிடும் என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது. மாநில வனவிலங்குத் துறையின் எழுத்துமூல அனுமதியும் நில உரிமையாளரின் சம்மதமும் இல்லாமல் இதில் எதையும் தொடக் கூடாது. சில மாநிலங்களில் இவ்வகைக் கண்ணிகளுக்கே தடை உண்டு.

புதிதாக வருபவர்கள் கண்ணி வெறுமையாக இருப்பதைக் கண்டவுடன் வடத்தை மாற்றுகிறார்கள், பூட்டை மாற்றுகிறார்கள், இன்னும் விலையுயர்ந்த ஒன்றை வாங்குகிறார்கள். நான் பார்த்த தோல்விகளில் மிகப் பெரும்பாலானவை கருவியின் பிழைகள் அல்ல. வைத்த இடம், வைத்த உயரம், தாங்கு கம்பியின் உறுதி ஆகிய இவற்றின் பிழைகள். என்ன நடந்தது என்பதை இரவே அங்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கும்; காலையில் கண்ணியைத் தொடுவதற்கு முன் குனிந்து அதைப் படிக்க வேண்டும். தொட்டுவிட்டால் சாட்சி கலைந்துவிடும்.

எதை அடிப்படையாகக் கொண்டு ஒப்பிடுவது

கீழே வரும் திருத்தங்கள் எல்லாம் பின்வரும் அமைப்பை அடிப்படையாகக் கொண்டவை. வடம் 3/32 அங்குலம், அதாவது சுமார் 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள துத்தநாகம் பூசிய எஃகு வடம். ஏழு இழைகள், ஒவ்வோர் இழையிலும் ஏழு கம்பிகள் என 49 கம்பிகள் கொண்டது. பத்தொன்பது தனிக்கம்பிகளைக் கொண்ட விறைப்பான வடமும் கிடைக்கிறது. அது விரைவாகச் சுருங்கும், ஆனால் ஒருமுறை மடிந்தால் நிமிராது. விலங்கு மணிக்கணக்கில் உயிருடன் கட்டுண்டிருக்க வேண்டிய இந்தப் பணிக்கு நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. பூட்டு, வளைத்த வாஷரால் ஆன தளரும் வகைப் பூட்டு: விலங்கு இழுக்கும்போது இறுகும், இழுப்பை நிறுத்தினால் சற்றே தளரும். இறுகியபின் தளராத பல் பூட்டுகள் கொல்வதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பையிலேயே வைத்திருக்க வேண்டாம், இருட்டில் கை மாறிவிடும். வளையம் ஓர் அளவுக்குக் கீழே சுருங்காதபடி வடத்தில் நெரித்த ஒரு தடுப்பு, வடத்தின் நடுவில் ஒன்றும் முளையருகே ஒன்றுமாக வடம் முறுகாமல் சுழலவிடும் இரண்டு சுழலிகள், வளையத்தை நிற்கவைக்கும் தடித்த தாங்கு கம்பி, கண்ணியைத் தரையோடு பிணைக்கும் இரும்பு முளை ஆகியவை மீதமுள்ள பாகங்கள். வளையத்தின் குறுக்களவு 25 முதல் 30 சென்டிமீட்டர். புதிய கண்ணிகளைச் சமையல் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்தால் தொழிற்சாலை எண்ணெய் நீங்கும், பளபளப்பும் மங்கும்.

அறிகுறி: வளையம் வைத்தபடியே நிற்கிறது, சுற்றிலும் புதிய தடம் எதுவும் இல்லை

பழைய பாதையில் வைத்திருக்கிறீர்கள். பீவர்கள் போன மாதம் பயன்படுத்திய பாதை நன்றாகத் தேய்ந்து அழகாகத் தெரியும், அதுதான் ஏமாற்றும். ஈரச் சேறு, ஈரம் உலராத கடித்த குச்சி, அணைமேட்டில் வழுக்கிய தடம் ஆகியவை இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். வேறு திருத்தம் வேண்டாம்.

அறிகுறி: வளையம் அசையவில்லை, ஆனால் அதன் பக்கத்திலோ அடியிலோ புதிய தடம் செல்கிறது

பக்கத்தில் சென்றிருந்தால் பாதை அகலமாக இருக்கிறது என்று பொருள். இருபுறமும் உலர்ந்த குச்சிகளைச் செங்குத்தாக ஊன்றிப் பாதையை ஒடுக்கலாம். பச்சைக் குச்சி வேண்டாம், அதை உணவென்று இழுத்துக்கொண்டு போய்விடும். ஒடுக்குவதிலும் அளவு வேண்டும். வேலி போல் நெருக்கமாக அடித்துவிட்டால் பீவர் அதைத் தடையாகப் பார்த்துப் புதிய வழியைத் தேடும்.

அடியில் சென்றிருந்தால் உயரம் தவறு. நிலத்தில் பீவர் தலையைத் தாழ்த்தி, வயிறு கிட்டத்தட்டத் தரையைத் தொடும்படி அசைந்து நடக்கும்; ஆகவே வளையத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீரோடும் வாய்க்காலில் பீவர் தலையின் மேற்பகுதியை மட்டும் வெளியே வைத்து நீந்துகிறது. அங்கே வளையத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நீருக்கு வெளியே தெரிய வேண்டும்.

வாய்க்காலில் மாலையில் சரியாக வைத்த வளையம் காலையில் தவறான உயரத்தில் இருப்பதும் உண்டு, ஏனெனில் மாறியது நீர்மட்டம். மேலே யாராவது பாசன மடையைத் திறந்திருக்கலாம், அணையில் கசிவு ஏற்பட்டிருக்கலாம். இதற்காக ஒரு வில்லோ மரக் குச்சியில் கத்தியால் மூன்று வெட்டுக்குறி போட்டு, நடுக்குறி நீர்மட்டத்தில் இருக்கும்படி கண்ணியருகே ஊன்றிவிடுவேன். ஒருமுறை நான்கு இரவுகள் தொடர்ந்து வெறுமையாக இருந்த ஒரு கண்ணிக்காக நாங்கள் பூட்டு, வடம், முளை எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் அந்தக் குச்சியை ஊன்றினோம். காலையில் நீர் கீழ்க்குறிக்கும் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பீவர் வளையத்துக்கு அடியில் தாராளமாக நீந்திப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அறிகுறி: வளையம் சுருங்கியிருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை

இதுதான் அதிகம் வரும் புகார்; பல காரணங்களை ஒரே தோற்றத்தில் மறைத்துவைக்கும் அறிகுறியும் இதுவே. கண்ணியை அவிழ்க்காமல் பூட்டை மட்டும் விரலால் ஒதுக்கி, வடம் பூட்டுக்குள் நுழையும் துளையைப் பாருங்கள். பச்சைநிறப் பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, பழுப்பு நிறத் தடித்த முடி சிக்கியிருக்கிறதா, அல்லது எதுவுமே இல்லையா என்ற மூன்றில் ஒன்றாகத்தான் விடை இருக்கும்.

பட்டைத் துணுக்கு இருந்தால், பீவர் இழுத்துவந்த கிளை அதன் தலைக்கு முன்பாக வளையத்தில் நுழைந்து அதைச் சுருக்கிவிட்டது. மாலையில் நீரிலிருந்து வெளியேறும்போது பீவரின் வாயில் ஒன்றும் இருக்காது. ஆஸ்பென் மரத்தையோ வில்லோவையோ வெட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் கிளை இருக்கும். ஆகவே கிளையால் சுருங்கிய கண்ணி ஒரு செய்தியைச் சொல்கிறது: அந்தப் பீவர் வேறு வழியாக மேலே ஏறி, இந்த வழியாக இறங்கியிருக்கிறது. ஏறும் வழியைத் தேடுங்கள். கரையேறிய முதல் ஓரடி தூரம் நீர் சொட்டி நனைந்து, கால்விரல் தடங்கள் மேல்நோக்கி இருக்கும். கிளை இழுத்த கீறல் இருக்காது. கண்ணியை அங்கே மாற்றினால் போதும். அணைக்குக் குறுக்கே மேல் குளத்திலிருந்து கீழ்க் குளத்துக்கு இறங்கும் கடவிலும் பெரும்பாலும் வெறும் வாயோடுதான் கடக்கும். எனக்கு மிகவும் நம்பிக்கையான இடம் அந்தக் கடவுதான்.

முடி சிக்கியிருந்தால், பீவர் வளையத்துக்குள் வந்து பின்வாங்கித் தப்பிவிட்டது. அதன் தலைக்கும் தோளுக்கும் இடையில் கழுத்தென்று சொல்லும்படி ஒடுங்கிய பகுதி கிடையாது. கூம்பு போல் சரிந்து விரியும் உடல். பூட்டு ஒரு நொடி தாமதித்தாலும் பின்பக்கமாக நழுவிவிடும். தாமதத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பூட்டின் துளையில் மணலோ சேறோ அடைத்திருப்பது. வாஷரின் விளிம்பில் பிசிறு இருப்பதும் இதே விளைவைத் தரும், சிறு அரத்தால் தேய்த்துவிடலாம். மற்றொன்று, வடத்துக்குச் சுருங்கும் பழக்கம் ஏற்றப்படாதது. வளையமாக வரவேண்டிய வடப்பகுதியைக் கரண்டிக் காம்பு போன்ற உருண்டையான ஒன்றின் மேல் கட்டைவிரலால் அழுத்தி இரண்டு மூன்று முறை இழுத்தால், அது தானாகச் சுருள விரும்பும் நிலையை அடைகிறது. சரியாகப் பழக்கிய கண்ணியை முழுதாகத் திறந்து கையில் பிடித்து இலேசாக உதறினால் வளையம் தானே கீழே ஓடிச் சுருங்க வேண்டும். உதறியும் பாதியில் நின்றால் அதை நீரில் வைக்கத் தகுதியில்லை.

துளையில் எதுவும் இல்லை என்றால் காற்றோ மிதந்துவந்த குப்பையோதான் காரணம். தாங்கு கம்பி ஆடுகிறதா என்று பாருங்கள்; அது ஆடினால் வளையமும் ஆடும். வளையத்தைத் தாங்கியில் உறுதியாகப் பொருத்தியிருக்க வேண்டும். விலங்கின் நெஞ்சு மோதும்போது வளையம் பின்னோக்கி வளைந்து கொடுக்காமல் அங்கேயே நின்று சுருங்கத் தொடங்கினால்தான் பிடிக்கும்.

அறிகுறி: கண்ணியின் மேல் சேறும் குச்சியும் பூசி மூடப்பட்டிருக்கிறது

பீவரை வரவழைப்பதற்காக அணையில் சிறு உடைப்பு ஏற்படுத்தி அந்த உடைப்பிலேயே கண்ணி வைத்திருப்பீர்கள். ஓடும் நீரின் சத்தம் கேட்டால் அடைக்கத்தான் வரும். வாயிலும் கையிலும் சேற்றோடும் குச்சியோடும் வரும். உடைப்பு அழைப்பாக மட்டும் இருக்கட்டும். கண்ணியை அதற்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அது கரையேறும் இடத்தில் வையுங்கள்.

அறிகுறி: வடம் அறுந்திருக்கிறது

மேலே சொன்ன வடம் புதிதாக இருக்கும்போது 400 கிலோவுக்கு மேல் தாங்கும். வளர்ந்த பீவரின் எடை பொதுவாக 16 முதல் 30 கிலோ. ஆகவே “பெரிய பீவர், அறுத்துக்கொண்டு போய்விட்டது” என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அறுந்த முனையைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள்.

இழைகள் பூவிதழ் போல் விரிந்து, ஒவ்வொன்றும் சுருண்டு, ஏழும் ஏழு வெவ்வேறு நீளத்தில் நின்றால், வடம் முறுக்கினால் செத்தது. பிடிபட்ட பீவர் உடலை உருட்டும். சுழலி சுழன்றால் அந்த முறுக்கு வடத்தில் ஏறாது. சுழலியில் புல்லோ சேறோ சிக்கியதால் அது நின்றுபோயிருக்கும், அல்லது தாங்கு கம்பியை இறுகச் சுற்றியபோது சுழலியையும் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். எங்கள் குழுவில் நான் முதல்முறை கட்டிய ஆறு கண்ணிகளில் நான்கில் இந்தப் பிழை இருந்தது. அதில் ஒன்றை அறுத்துக்கொண்டு போன பீவர் உடலில் வளையத்தோடு இன்னும் எங்கோ நீந்திக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு மூன்று வாரங்கள், அதே பீவரை வேறொரு கண்ணியில் பிடித்து அந்த வளையத்தை வெட்டி எடுக்கும்வரை, என்னை விடவில்லை. அதன்பின் சுழலிக்குக் கீழே தாங்கு கம்பியைக் கொண்டுபோவதே இல்லை.

முனை அறுபடாமல் முழுதாக, ஆனால் நசுங்கிய தடத்தோடு இருந்தால், முனையை நெரித்துப் பிடித்திருந்த உலோகக் குழாய் நழுவியிருக்கிறது. சுத்தியலால் தட்டி இறுக்கியவற்றில் இது வரும். அதற்குரிய அழுத்தும் இடுக்கியை வாங்கிவிடுங்கள். ஒரே இடத்தில் கூர்மையாக மடிந்து அங்கே அறுந்திருந்தால், அது ஏற்கெனவே ஒரு விலங்கைப் பிடித்த கண்ணி. ஒருமுறை பிடித்த வடத்தை நிமிர்த்தி மீண்டும் வைப்பது சிக்கனம் அல்ல. பூட்டையும் சுழலியையும் எடுத்துக்கொண்டு வடத்தைத் தூக்கியெறியுங்கள்.

அறிகுறி: முளையோடு எல்லாம் காணவில்லை

மரமுளை அடித்திருந்தால் பீவர் அதைக் கடித்திருக்கும். அதன் தொழிலே அதுதான். இரும்பு முளை பிடுங்கப்பட்டிருந்தால் சேறு இளகியிருக்கிறது. அங்கே நீளமான முளை பயன் தராது. ஆழத்தில் போய்க் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும் மண்நங்கூரமோ உயிருள்ள தடித்த மரமோ வேண்டும். கிடைத்த கண்ணியை விடக் காணாமல் போன கண்ணியே அவசரமானது. அன்றைக்கு வேறு வேலை செய்யாமல் இரு கரைகளையும் தேடுங்கள்.

அறிகுறி: பீவர் பிடிபட்டிருக்கிறது, ஆனால் தவறான இடத்தில்

நாம் விரும்புவது தலையும் ஒரு முன்னங்காலும் வளையத்துக்குள் நுழைந்து, வடம் மார்புக்குக் குறுக்கே பட்டை போல் நிற்பது. கழுத்தில் மட்டும் நின்றால் வளையம் சிறியதாகவோ உயரமாகவோ இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக்கி, சற்றுத் தாழ்த்துங்கள். இடுப்புக்குப் போயிருந்தால் வளையம் பெரிது அல்லது மெதுவாகச் சுருங்குகிறது. பின்னங்கால் மட்டும் சிக்கினால் வளையம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கால்தான் அதன் துடுப்பு, அதில் காயம்பட்ட பீவரைப் புது ஓடையில் விடுவது அதைக் கைவிடுவதற்குச் சமம். தடுப்பை எங்கே நெரிப்பது என்பதை என் அளவைக் கேட்டுச் செய்யாதீர்கள். உங்கள் பள்ளத்தாக்கில் பிடித்த பெரிய பீவரின் கழுத்துச் சுற்றளவை நூலால் அளந்து அதற்குமேல் இரண்டு விரல் இடம் விட்டு அமையுங்கள்.

அறிகுறி: வேறு விலங்கு சிக்கியிருக்கிறது, அல்லது சிக்கி உடைத்துவிட்டுப் போயிருக்கிறது

வில்லோப் புதர்கள் உள்ள பள்ளத்தாக்கில் மூஸ் எனும் பெரிய மானும் சாதாரண மான்களும் மேய்ச்சல் கன்றுகளும் கண்ணியில் கால் வைக்கும். கண்ணிக்கு மேலே குறுக்காக ஓர் உலர்ந்த கழியைப் போட்டால் அவை தாண்டிப் போகும், பீவர் அடியில் நுழையும். பெரும் இழுப்பில் திறந்துகொள்ளும் உடையும் இணைப்பையும் வடத்தில் சேருங்கள். நீர்நாய் சிக்கினால் அந்தக் கடவை விட்டு விலகுவதே சரி. எச்சத்தில் மீன்செதில் கலந்து கரையில் கிடந்தால் அது நீர்நாய் நடமாடும் இடம். முதல் நாளே கண்டுகொள்ள வேண்டிய அடையாளம் அது.

அறிகுறி: பிடிபட்ட பீவர் தளர்ந்து கிடக்கிறது, வேகமாக மூச்சு வாங்குகிறது

சூடேறியிருக்கிறது. அடர்ந்த இரட்டை ரோமத்துக்குள் இருக்கும் இந்த விலங்கு வெப்பத்தைப் பெரிதும் வாலாலும் பாதத்தாலும் வெளியேற்றுகிறது; உலர்ந்த கரையில் வெயிலில் மாட்டிக்கொண்டால் அதற்கு வழியில்லை. ஐடஹோ மாநிலத்தில் 1948இல் 76 பீவர்களை மரப்பெட்டிகளில் வைத்து விமானத்திலிருந்து பாராசூட்டில் மலைக்காட்டுக்குள் இறக்கினார்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் அதன் காரணம் நேர்மையானது: குதிரையிலும் கோவேறு கழுதையிலும் நாள்கணக்கில் ஏற்றிச் சென்றபோது பீவர்கள் வெயிலில் வாடி இறந்துகொண்டிருந்தன.

ஆகவே மாலை மங்கும்போது வைத்து, நள்ளிரவில் ஒருமுறை பார்த்து, வெயில் ஏறுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். நள்ளிரவுச் சுற்று கரடியும் ஓநாய் போன்ற கொயோட்டியும் கட்டுண்ட பீவரிடம் வந்து சேர்வதற்கு முன் நாம் போய்ச் சேர்வதற்கும்தான். வடம் எட்டும் வட்டத்துக்குள் வேர், கிளை, செங்குத்துக் கரை எதுவும் இருக்கக் கூடாது. அது ஆழமற்ற நீரில் உடலை நனைத்துக்கொள்ளவும், தடையின்றிக் கரையேறி அமரவும் இயல வேண்டும். ஆழ நீர் எட்டுமானால் வடம் எதிலாவது சுற்றி மூழ்கடித்துவிடும். பதினைந்து நிமிடம் வரை மூச்சடக்கக்கூடிய விலங்கென்றாலும் அதற்கும் முடிவுண்டு. அணுகும்போது பின்பக்கமாக வந்து, நனைத்த கோணிப்பையைத் தலைமேல் போடுங்கள். இருட்டானவுடன் பெரும்பாலும் அடங்கிவிடும். துலரேமியா போன்ற நோய்கள் பீவரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் என்பதால் கையுறை கட்டாயம்.

அறிகுறி: முதல் இரவுகளில் இரண்டு பீவர்கள் சிக்கின, பிறகு ஒன்றுமில்லை

மீதியிருப்பவை கற்றுக்கொண்டுவிட்டன. நீங்கள் வரும்போதே வாலால் நீரை அறைந்து மறைந்தால் அதில் ஐயமே வேண்டாம். எல்லாக் கண்ணிகளையும் எடுத்துவிட்டு நான்கைந்து இரவுகள் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிறகு வேறு கடவுகளில், சேற்றால் அவை கட்டும் வாசனை மேடுகளின் அருகே, வேற்றுப் பீவரின் காஸ்டோரியம் எனும் வாசனைச் சுரப்பில் ஒரு துளி வைத்துத் தொடங்குங்கள். அப்போதும் விலகினால் அந்த மிச்சப் பீவருக்கு மட்டும் ஒரு பெய்லிக் கூண்டைச் சுமந்து வரலாம். பிடித்தவற்றைத் தனியாகக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்; ஓடிவரும் நீருள்ள அடைப்பில் வைத்திருந்து குடும்பமாகச் சேர்த்தே விட வேண்டும், ஏனெனில் தனியே விடப்பட்ட பீவர் துணையைத் தேடி ஓடைவழியே அலைந்துவிடும். மே, ஜூனில் குட்டிகள் பிறக்கும். பால்குடிக்கும் குட்டியைக் குடிலில் விட்டுத் தாயை எடுக்கும் தவறு நேராதிருக்க, ஆகஸ்டு பிற்பகுதிக்கு முன் கண்ணி வைப்பதே இல்லை என்பது எங்கள் வழக்கம்.

எல்லாம் பிடிபட்டுவிட்டன என்று தோன்றும் மாலையில், அணையின் மேல் விளிம்பில் கையளவு சேற்றை அகற்றி நீர் சலசலத்து ஓடவிட்டு, கண்ணி எதுவும் வைக்காமல் திரும்பிவிடுங்கள். காலையில் அந்த இடம் ஈரச் சேற்றால் அடைபட்டிருந்தால் உள்ளே இன்னும் ஒன்று இருக்கிறது. அடைத்த சேற்றில் பதிந்த முன்பாதத்தின் அகலத்தைப் பார்த்து, அது குட்டியா பெரியதா என்று முடிவுசெய்து, அதற்கேற்ற வளையத்தோடு மாலையில் வாருங்கள்.